புல்லும் தண்ணீரும் ஒரே மாதிரி இருக்கலாமா?

ஒரு வாலிபரின் போட்டோக்களில் கண்ட குறை. அதன் பிறகு நடந்த அதிசயம்

நியூயார்க் நகரில் 5-வது அவென்யூ என்று ஒரு பெரிய வீதி உண்டு. அந்த வீதியில் 291-ம் எண் கட்டிடம். அதன் உச்சி மாடியில் மூன்று சின்ன அறைகள்.

1905-ம் ஆண்டு முதல் அந்த அறைகளின் சுவர்களில் போட்டோக்களும் ஓவியங்களும் தொங்கின. அதை நடத்தியவர் ஆல்பிரட் ஸ்டீகிளிட்ஸ். போட்டோ பிடிப்பதும் ஓவியம் போல ஒரு கலைதான் என்று வாழ்நாள் எல்லாம் வாதாடியவர் அவர்.

1907-ம் ஆண்டை ஒட்டி, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் மாணவர்களை அங்கே அழைத்து வந்தார். வாத்தியார் பெயர் லூயிஸ் ஹைன். சுரங்கங்களிலும் நூல் ஆலைகளிலும் வேலை செய்த சின்னஞ்சிறு குழந்தைகளைப் படம் பிடித்து, பிற்காலத்தில் அமெரிக்காவையே வெட்கப்பட வைத்தவர் அவர்தான். அப்போது அவர் பள்ளியில் ஒரு போட்டோ வகுப்பும் நடத்தி வந்தார்.

வந்த மாணவர்களில் ஒருவன் பால் ஸ்டிராண்ட். வயது 17 இருக்கும். 12 வயதிலேயே அப்பா அவனுக்கு ஒரு சின்ன பிரவுனி காமிரா வாங்கிக் கொடுத்திருந்தார்.

அன்று சுவரில் இருந்த படங்களைப் பார்த்தான். நாமும் போட்டோக்காரன் ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

ஓய்வு நேர ஆசை

ஆசை இருந்தால் போதுமா? சோறு வேண்டாமா?

படிப்பு முடிந்ததும் அப்பாவின் வியாபாரத்தில் வேலை பார்த்தான். எனாமல் பாத்திரங்களை வெளிநாட்டில் இருந்து வரவழைத்து விற்கும் வியாபாரம் அது. ஓய்வு நேரத்தில் காமிராவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு விடுவான்.

நியூயார்க் காமிரா கிளப்பில் உறுப்பினர் ஆனான். அங்கே படம் கழுவ இருட்டறை உண்டு. கூடிப் பேச ஆட்கள் உண்டு. தன்னைப் போல ஆசைக்காகப் படம் எடுக்கும் அமெச்சூர்கள் நிறையப் பேர்.

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒரு மோகம். போட்டோ கொஞ்சம் மங்கலாக இருந்தால்தான் அழகு என்று நினைத்தார்கள். பனிமூட்டத்துக்குள் தெரிவது போல மரம், நதி, பெண் எல்லாமே பட்டுத் துணி போர்த்தினாற்போல் இருக்கும். அதற்கென்றே தனி லென்ஸ் விற்றார்கள். ஸ்டிராண்டும் அப்படிப்பட்ட லென்சைத்தான் வைத்திருந்தார்.

படங்கள் அழகாகத்தான் வந்தன. கிளப்பில் எவரும் குறை சொல்லும்படி இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று போதவில்லை என்று அவர் மனதில் ஓர் உறுத்தல் இருந்தது.

இனிப்பான சொற்கள்

தன் படங்களைப் பெரியவர்களிடம் காட்ட ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் புகழ் பெற்றிருந்த கிளாரன்ஸ் ஒயிட்டிடம் போனார். கெர்ட்ரூட் கேசபியர் என்ற பெண்மணியிடமும் போனார். இருவரும் பெரிய நிபுணர்கள். அன்பாகப் பேசினார்கள். ஆனால் விமர்சகர்கள் என்ற முறையில் அவர்களால் தனக்குப் பெரிய உதவி கிடைக்கவில்லை என்று ஸ்டிராண்ட் பின்னாளில் சொல்லி இருக்கிறார்.

ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, 291-ம் எண் மாடிக்கும் படங்களை எடுத்துக்கொண்டு போவார். ஸ்டீகிளிட்சிடம் காட்டுவார்.

அப்படி ஒரு நாள் ஸ்டீகிளிட்ஸ் ஒரு குறையைச் சொன்னார்.

என்ன சொன்னார் தெரியுமா?

இந்த லென்ஸ் எல்லாப் பொருளையும் ஒரே சரக்கால் செய்தது போலக் காட்டுகிறது என்றார். புல்லைப் பார்த்தால் தண்ணீர் போல இருக்கிறது. தண்ணீரைப் பார்த்தால் மரப்பட்டை போல இருக்கிறது. கல் கல்லாக இல்லை. இலை இலையாக இல்லை. பார்த்த மாத்திரத்தில் அழகாகத் தோன்றும். ஆனால் ஒன்றில் இருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் குணம் எல்லாம் போய்விட்டது என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. அதற்கு வழியும் சொன்னார். புது லென்ஸ் வாங்க வேண்டாம். இதே லென்சின் துவாரத்தைச் சுருக்கிப் படம் எடுத்துப் பார் என்றார்.

துவாரத்தின் ரகசியம்

காமிரா லென்சுக்குள் ஒரு துவாரம் உண்டு. வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. நமது கண்ணின் பாவை வெயிலில் சுருங்கி இருட்டில் விரிவது போல, அதையும் சுருக்கலாம், விரிக்கலாம். போட்டோக்காரர்கள் இதை அபர்ச்சர் என்பார்கள். எப் 4 என்றால் பெரிய துவாரம். எப் 22 என்றால் சின்னத் துவாரம். எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்.

மங்கல் லென்சின் தன்மை என்னவென்றால், ஓரத்தின் வழியாக வரும் வெளிச்சமும் நடுவின் வழியாக வரும் வெளிச்சமும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. அதனால்தான் அந்தப் பட்டுப் போன்ற மங்கல். துவாரத்தைச் சுருக்கினால் ஓரத்து வெளிச்சம் தடைபடும். நடுவின் வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். மங்கல் மறைந்து படம் பளிச்சென்று ஆகும்.

வெளிச்சம் குறைவாக வருவதால், கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும். செலவு அவ்வளவுதான். காலணா செலவில்லாத மருந்து!

இந்த விமர்சனத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். உனக்குத் திறமை போதாது என்று ஸ்டீகிளிட்ஸ் சொல்லவில்லை. அழகாக இருக்கிறது என்று தட்டிக் கொடுத்தும் அனுப்பவில்லை. அவர் பேசியது படத்தைப் பற்றி. புல் என்றார், தண்ணீர் என்றார், மரப்பட்டை என்றார். ஸ்டிராண்ட் திரும்பத் தன் படத்தைப் பார்த்தால், அந்தக் குறை அவர் கண்ணுக்கே தெரியும். மறுநாள் காலையில் எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

வாலிபர் வாதாடவில்லை

ஸ்டிராண்டும் சாதாரண ஆள் இல்லை. ஆண்டுக்கணக்கில் பழகிய பாணியை விடச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? இதுதானே இப்போது மோஸ்தர், எல்லோரும் இப்படித்தானே எடுக்கிறார்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேலையில் இறங்கினார்.

அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்து வந்த புதிய ஓவியங்களையும் அவர் பார்த்தார். அவற்றின் வடிவங்களை ஆராய்ந்தார். ஆகவே எல்லாம் ஒரு பேச்சால் மட்டும் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கதவைத் திறந்தது அந்தப் பேச்சுதான்.

1915-ம் ஆண்டு ஒரு கட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் மாடி ஏறினார்.

அதில் ஒன்று, நியூயார்க்கின் வால் ஸ்டிரீட் படம். மார்கன் வங்கிக் கட்டிடத்தின் பிரம்மாண்டமான சுவர். அதில் வரிசையாக இருண்டு கிடக்கும் ராட்சத ஜன்னல்கள். கீழே காலை வெயிலில் எறும்பு போல நடந்து போகும் மனிதர்கள். ஒவ்வொருவர் பின்னாலும் நீண்ட நிழல். பணத்தின் முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்று அந்தப் படம் வாய் திறக்காமல் சொல்லுகிறது.

ஸ்டீகிளிட்ஸ் பார்த்தார். உள்ளே இருந்த தன் நண்பர் ஸ்டைக்கனையும் கூப்பிட்டுக் காட்டினார். இது உன்னுடைய இடமும்தான். எப்போது வேண்டுமானாலும் வா என்று ஸ்டிராண்டிடம் சொன்னார்.

1916-ம் ஆண்டு ஸ்டீகிளிட்சின் கூடத்தில் ஸ்டிராண்டின் படக் கண்காட்சி நடந்தது. "காமிரா ஒர்க்" என்று ஸ்டீகிளிட்ஸ் ஒரு பத்திரிகை நடத்தினார். 1917-ம் ஆண்டு ஜூன் மாதம் அதன் கடைசி இதழ் வந்தது. அந்த இதழில் இருந்த படங்கள் அத்தனையும் ஸ்டிராண்டின் படங்கள்!

கழுத்தில் "குருடி" என்று எழுதிய பலகையைத் தொங்கவிட்டு நிற்கும் பெண்ணின் படமும் அவற்றில் ஒன்று. 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், போட்டோக் கலையைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் அந்தப் படத்தை விட்டுவிட்டு எழுதுவதில்லை.

அதே மனிதரின் இன்னொரு முகம்

இவ்வளவு நல்ல விமர்சகர், எல்லோரிடமும் இப்படித்தான் பேசினாரா?

இல்லை!

1890-களில் ஸ்டீகிளிட்ஸ் அமெச்சூர்களுக்கான ஒரு பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார். ஊர் ஊராக இருந்து போட்டோக்கள் தபாலில் வந்து குவியும். பிடிக்காத படத்தை அவர் எப்படித் திருப்பி அனுப்பினார் தெரியுமா? தொழில் சுத்தம், படம் அழுகல் என்ற பொருளில் ஒரே வரி எழுதி அனுப்பினார்.

அந்த வரியைப் பிரித்துப் படித்த மனிதரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பல நாள் உழைத்து எடுத்த படம். அழுகல் என்கிறார்கள். எங்கே அழுகல்? ஏன்? அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும்? அந்த வரியில் எதற்கும் பதில் இல்லை. அப்படி எத்தனை பேர் காமிராவைப் பரணில் தூக்கிப் போட்டார்களோ!

அவருடைய கடுமை கிளப்பிலும் பகையை வளர்த்தது. 1908-ம் ஆண்டு நியூயார்க் காமிரா கிளப் அவரை உறுப்பினர் பட்டியலில் இருந்தே நீக்கியது. அவர் வழக்குப் போட்டார். மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த பிறகு அவரே விலகிவிட்டார்.

இத்தனைக்கும் ஒரு நல்ல சொல்லின் அருமை தெரிந்தவர்தான் அவர். 1887-ம் ஆண்டு, ஜெர்மனியில் மாணவராக இருந்தபோது, லண்டன் பத்திரிகை ஒன்றின் போட்டிக்குப் படம் அனுப்பினார். இத்தாலிய கிராமத்துக் குழந்தைகள் சிரித்து நிற்கும் படம். நீதிபதியாக இருந்தவர் எமர்சன் என்ற பெரிய போட்டோ நிபுணர். முதல் பரிசு கொடுத்தார். வந்த படங்களிலேயே இது ஒன்றுதான் இயல்பாக இருக்கிறது என்றும் சொன்னார். பரிசைவிட அந்தச் சொல்தான் பெரிது. ஏனென்றால், எந்தக் குணத்துக்காகப் பரிசு என்று அந்த வாலிபருக்குத் தெரிந்துவிட்டது.

பெயர் சொல்லாத படங்கள்

காமிரா கிளப்புகள் இந்தச் சங்கடத்தை வெகு காலமாகப் பார்த்து வருகின்றன. நம் சென்னையில்கூட 1850-களிலேயே போட்டோ சங்கம் தோன்றிவிட்டது. முகத்துக்கு அஞ்சிப் புகழ்வதும், பகைக்காகக் குறை சொல்வதும் எங்கும் உள்ளதுதானே? அதற்குச் சில வழிகளைக் கண்டுபிடித்தார்கள்.

ஒன்று, எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் படத்தை வைப்பது. படத்தின் தலைப்பை மட்டும் படிப்பார்கள். வெளியில் இருந்து வந்த நீதிபதி படத்தைப் பற்றிப் பேசுவார். இங்கிலாந்தின் பல கிளப்புகளில் 20-க்கு இத்தனை என்று மார்க்கும் போடுவார்கள். எடுத்தவர் கூட்டத்தில் ஒருவராக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சீப் போட்டியில் வந்த நெஞ்சிடிப்பு அவருக்கு மட்டும்தான் கேட்கும்!

மார்க் போடுவதில் ஒரு கெடுதலும் உண்டு. 20-க்கு 14 என்று கேட்ட மாத்திரத்தில், நீதிபதி சொன்ன விளக்கம் காதில் ஏறாது. 14 மட்டும்தான் வீடு வரை கூட வரும்.

இன்னொரு வழி, தபால் பெட்டி. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கென்றே குழுக்கள் தோன்றின. ஆளுக்கு ஒரு படம் பெட்டியில் வைப்பார்கள். பெட்டி தபாலில் வீடு வீடாகப் போகும். ஒவ்வொருவரும் மற்றவர்களின் படங்களைப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும். பெட்டி சுற்றித் திரும்பி வந்ததும், தன் பழைய படத்தையும் அதற்கு வந்த கருத்துகளையும் எடுத்துக்கொண்டு, புதுப் படத்தை வைத்து அனுப்ப வேண்டும்.

இதில் ஒரு நன்மை. வாயால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லித் தப்பிக்கலாம். கையால் எழுதும்போது இரண்டு வரியாவது வேண்டுமே! அந்த இரண்டு வரிக்காகப் படத்தை மறுபடியும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

தெருவுக்குப் போன குழு

1936-ம் ஆண்டு நியூயார்க்கில் போட்டோ லீக் என்ற சங்கம் தோன்றியது. உறுப்பினர்களில் பலர் சாதாரணக் குடும்பத்து இளைஞர்கள். குறைந்த சந்தா, பொது இருட்டறை, வகுப்புகள். அதன் ஆலோசகர்களில் ஒருவராக ஸ்டிராண்ட் இருந்தார். சிறுவன் ஸ்டிராண்டை அந்த மாடிக்கு அழைத்துப் போன ஹைன் வாத்தியாரும், வயதான காலத்தில் இந்தச் சங்கத்தோடு சேர்ந்திருந்தார்.

ஆரன் சிஸ்கிண்ட் என்ற பள்ளி ஆசிரியரின் தலைமையில் ஒரு சிறு குழு, ஆர்லெம் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் படம் பிடித்தது. படங்களை ஒன்றாக வைத்துக்கொண்டு கூடிப் பேசுவார்கள். இங்கே கேள்வியே வேறு. படம் அழகா என்பது மட்டும் கேள்வி அல்ல. நாம் சொல்ல வந்ததை இந்தப் படம் சொல்லுகிறதா என்பது கேள்வி. எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேலை இருந்தது. அதனால் குறை சொன்னாலும், வேலைக்காகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ள முடிந்தது.

1947-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் போட்டோ லீக்கை நாட்டுக்கு விரோதமான சங்கங்களின் பட்டியலில் சேர்த்தது. உறுப்பினர்கள் பயந்து விலகினார்கள். 1951-ம் ஆண்டு சங்கம் மூடப்பட்டது.

நாலு பேர் கூடும்போது

இன்று வீட்டுக்கு வீடு செல்போன். காமிரா இல்லாத கை இல்லை. கல்யாணத்துக்குப் போய் வந்தால் 300 படம். ஊருக்கு ஊர் போட்டோக் குழுக்களும் இருக்கின்றன. குடும்பத்திலேயே அண்ணன் எடுத்த படத்தைத் தங்கை பார்த்துக் கருத்துச் சொல்கிறாள்.

தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். பேரன் படம் எடுத்துக் காட்டுகிறான். "பிரமாதம்" என்றால் அவனுக்கு ஒரு நிமிடச் சந்தோஷம். "உனக்குப் படமே எடுக்கத் தெரியவில்லை" என்றால் ஒரு வாரச் சோகம். இரண்டிலும் அவன் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

"தாத்தாவின் கையும் கண்ணாடியும் நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் முதலில் என் கண் போனது பின்னால் தொங்குகிற சிவப்புத் துண்டுக்கு. நீ இரண்டு அடி இடது பக்கம் நகர்ந்திருந்தால் அது தூணுக்குப் பின்னால் மறைந்திருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். அவன் உடனே திண்ணைக்கு ஓடுவான்!

என் கண் முதலில் எங்கே போனது என்று சொல்வதற்கு நிபுணராக இருக்க வேண்டியதில்லை. அபர்ச்சர் தெரியாத பாட்டிகூடச் சொல்லலாம். அது பொய்யாகவும் இருக்க முடியாது.

கேட்டுக்கொள்வதுதான் கஷ்டம். "அப்போது வெயில் சரியில்லை", "கூட்டம் தள்ளிவிட்டது" என்று நாக்குத் துடிக்கும். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பார்ப்பவருக்கு அந்த வெயிலும் கூட்டமும் தெரியாது. படம் மட்டும்தான் தெரியும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் மரியாதைக்காகப் பேச்சை நிறுத்திவிடுவார். நஷ்டம் யாருக்கு?

அதற்காகச் சொன்னதை எல்லாம் செய்ய வேண்டும் என்பது இல்லை. ஒருவர் ஓரத்தை வெட்டு என்பார். இன்னொருவர் வெட்டாதே என்பார். இரண்டு பேர் சொல்லையும் கேட்டால் படமே மிஞ்சாது! ஆனால் மூன்று பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஒரே இடத்தில் தடுக்கினால், அந்த இடத்தில் கல் இருக்கிறது. எடுத்துவிடுவது நல்லது.

ரேடியேட்டர் மேல் ஓர் இளைஞர்

பேசுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. இதிலும் ஸ்டீகிளிட்ஸ்தான்.

1933-ம் ஆண்டு. அவருக்கு வயது 69. வேறு ஒரு கண்காட்சிக் கூடம் நடத்தி வந்தார். கலிபோர்னியாவில் இருந்து ஆன்சல் ஆடம்ஸ் என்ற 31 வயது இளைஞர் மனைவியோடு நியூயார்க் வந்தார். அமெரிக்காவின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் படம் பிடித்துப் பின்னாளில் உலகப் புகழ் அடைந்தவர் இவர்.

காலையில் போனார். அப்புறம் வா என்று முகம் கொடுக்காமல் அனுப்பிவிட்டார் கிழவர். ஆடம்சுக்கு ஆத்திரம். ஆனாலும் பிற்பகலில் மறுபடியும் போனார்.

அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் ஸ்டீகிளிட்ஸ் உட்கார்ந்திருந்தார். உட்கார வேறு இடம் இல்லை. சுவர் ஓரமாக அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் இருந்தது. ஆடம்ஸ் அதன் மேல் உட்கார்ந்தார். சூடு தாங்காமல் எழுந்திருப்பார், மறுபடியும் உட்காருவார்.

ஸ்டீகிளிட்ஸ் கட்டை அவிழ்த்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிப் படம் வரை பார்த்துவிட்டுக் கட்டை மூடி நாடாவைக் கட்டினார். ஆடம்ஸ் பேச வாய் எடுத்தார். கிழவர் நாடாவை மறுபடியும் அவிழ்த்தார். முதல் படத்தில் இருந்து மீண்டும் பார்க்க ஆரம்பித்தார்!

இரண்டாம் முறையும் பார்த்து முடித்த பிறகுதான் வாய் திறந்தார். தான் கண்ட மிகச் சிறந்த போட்டோக்களில் இவையும் சேரும் என்றார்.

3 ஆண்டுகள் கழித்து, 1936-ம் ஆண்டு, அதே கூடத்தில் ஆடம்சின் படக் கண்காட்சி நடந்தது.